கடைசிக் கரடிமாந்தன்

அந்த மர யானையை நிமிர்த்தி வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால், அதற்குள் என் பக்கத்து நியாயங்களையெல்லாம் உங்கள் காதில் போட்டு, உங்களைப் பாதி என் பக்கம் சாய்த்திருப்பேன். எனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. அந்தச் சாமர்த்தியத்தால்தான் இவ்வளவும் வந்தது.

மைசூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. ரயில்வே வேலையாக வந்து இறங்கியவர்கள், அப்படியே தங்கிவிட்டோம். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வாரம் முழுக்க ஒரே குரலில்தான் பேசுவேன், அதுவும் கத்தல். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் எனக்குள்ளிருந்து பத்துப் பதினைந்து குரல்கள் வெளியே வரும்.

சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்துவிட்டு ஐந்து பேர் உட்காருவோம். நான் கதை சொல்வேன். மற்ற நால்வரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடப்பார்கள். ஒருவர் வாள்வீரர், ஒருத்தி மந்திரக்காரி, இப்படி. கதவைத் திறப்பதா, ஓடுவதா, சண்டை போடுவதா என்று அவர்கள் சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்று இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். வழியில் எதிர்ப்படுகிற அரசன், திருடன், பூதம், சுங்கச்சாவடிக்காரன் எல்லாமே நான்தான். வயது நாற்பதைத் தாண்டியவர்கள் இதையெல்லாம் ஆடுவதா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

ஆடுபவர்களில் ஒருவர் என் கணவர். இரண்டு பேர் எதிர் ஃபிளாட்டில் இருக்கும் கன்னடத் தம்பதி. இருவரும் கல்லூரியில் பாடம் நடத்துபவர்கள், தமிழ் நன்றாகப் புரியும். நாலாவது ஆள் எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. கொள்ளேகாலைத் தாண்டிக் காட்டோரம் இருக்கும் ராமாபுரம் பக்கத்துக்காரன். தமிழும் கன்னடமும் ஒரே வேகத்தில் பேசுவான். சேர்ந்த புதிதில் என்னை மேடம் என்றவன், மேசைக்கு வர ஆரம்பித்த மூன்றாவது வாரம் அக்கா என்றான். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அந்த அக்கா எனக்குப் பிடித்திருந்தது.

மேசை நடுவில் ஒரு சன்னபட்டணா மர யானை நிற்கும். கட்டைவிரல் உயரம்தான், சிவப்பு அரக்குப் பூச்சு. அது என் ஏற்பாடு. கதை போகிற போக்கு யாருக்காவது தாங்கவில்லை என்றால் அவர் ஒன்றும் பேச வேண்டாம், யானையைச் சாய்த்து வைத்தால் போதும். அந்தக் காட்சி அங்கேயே முடிந்தது. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, பிறகு காபி குடிக்கும்போதும் கேட்கக் கூடாது. எதிர்வீட்டம்மா ஒருமுறை சாய்த்திருக்கிறார், கதையில் ஒரு குழந்தை கிணற்றில் விழுந்தபோது. என் கணவர் ஒருமுறை, பாம்புக்காக. சிரிக்கக் கூடாது என்பதும் விதியில் இருந்ததால் நான் சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன். விதியைப் போட்டவள் என்ற பெருமை எனக்கு நிறைய இருந்தது. எங்கள் மேசை மாதிரி மரியாதையான மேசை மைசூரிலேயே கிடையாது என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு ஓர் அண்ணன். அவரைப் பற்றி அவன் என்னிடம் சொன்னது ஸ்கூல் பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரும்போது. இருபது வயதில் மாட்டைத் தேடிக்கொண்டு காட்டோரம் போனவரைக் குட்டியோடு இருந்த கரடி ஒன்று முகத்தில் அடித்துவிட்டது. ஒரு கண், மூக்கில் பாதி, மேலுதட்டில் பாதி போய்விட்டன. மாதக்கணக்கில் மைசூர் ஆஸ்பத்திரியில் கிடந்து உயிரோடு வீடு திரும்பினார். திரும்பியவர் ஊருக்குள் வரவில்லை. தோட்டத்து வீட்டில், அவர்கள் பேச்சில் சாளையில், தனியாக இருக்கிறார். பதினோரு வருடமாகக் கல்யாணமோ காரியமோ எதற்கும் வந்ததில்லை. வேலை தெரிந்த கை. தண்ணீர் இறைக்கிற மோட்டார் புகைந்துபோனால் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து வேலிப்பக்கம் இருக்கும் பாறைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு நாள் கழித்து வந்தால் அதே பாறைமேல், புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டித் தயாராக இருக்கும். ஆளைப் பார்க்க முடியாது.

"நம்ம கதைய வாராவாரம் போன்ல சொல்லச் சொல்லிக் கேப்பானுங்க அக்கா. ஒரு வாரம் சொல்லலீன்னா கோவம் வந்துரும்" என்றான் தம்பி.

ஒருநாள் போனை என்னிடமே கொடுத்தான். அண்ணன் பேசினார். உதடு சேராததால் சில எழுத்துகள் காற்றாகப் போயின. மூக்கிலிருந்து ஒரு சீறல் கூடவே வந்தது. முதல் ஒரு நிமிடம் எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் மூன்று வாரமாக உள்ளே நுழைய முடியாமல் திணறிய ஒரு கோட்டையைப் பற்றித்தான் கேட்டார். "தண்ணி வெளிய போற வழி இருக்கோணுமுங்களே, அதுல பூர முடியாதுங்களா?" என்றார். அந்த வழியை நான் யோசித்து வைத்திருந்தேன். மேசையில் உட்கார்ந்திருந்த நான்கு பேருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் கரடிமாந்தர்களை உண்டாக்கினேன். மனிதராகவும் கரடியாகவும் உருமாறக்கூடிய ஒரு கூட்டம். காட்டின் உட்பக்கத்தில் ஆளுக்கொரு திசையில் தனித்தனியாக வாழ்கிறவர்கள். யார் கண்ணிலும் படமாட்டார்கள். கிராமத்து ஜனங்கள் உடைந்த கலப்பையையும் வண்டிச் சக்கரத்தையும் காட்டோரப் பாறைமேல் வைத்துவிட்டு வந்தால், மறுநாள் செப்பனிட்டு அங்கேயே இருக்கும். இதை மேசையில் நான் சொல்லி முடித்ததும் தம்பி கையிலிருந்த பகடையைக் கீழே வைத்தான். எனக்கு பயமாகிவிட்டது. பிறகு அவன் முகம் மலர்ந்தது.

"எங்கண்ணனாட்டமே இருக்குதுங்க" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அடுத்த வாரம் பஸ்ஸில் செய்தி கொண்டுவந்தான். அண்ணனுக்குப் பல் கட்ட அடுத்த மாதம் மைசூர் வர வேண்டியிருக்கிறது. அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேசைக்கு வந்து உட்காருகிறாராம். "வந்தா அந்தக் கரடிமாந்தனாத்தான் ஆடுவேங்கறானுங்க. மூஞ்சிய மூடாம வரேன்னானுங்க அக்கா." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பதினோரு வருடம் கழித்து ஒரு மனிதர் மற்றவர்களோடு ஒரு மேசையில் உட்காரப் போகிறார், அதுவும் என் மேசையில். எனக்கு அன்று வகுப்பில் கணக்கே ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இத்தனையும் தெரிந்துதான் செய்தேன். அதற்காகத்தான் இவ்வளவு விவரமாகச் சொன்னேன்.

அந்த வார ஞாயிறு ஆட்டம் மந்தமாகப் போய்க்கொண்டிருந்தது. வெயில். மதியம் பிசிபேளாபாத். என் கணவர் கொட்டாவி விட்டார். எதிர்வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் மொபைல் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டீச்சருக்கு இதைவிடப் பெரிய அவமானம் எது? அப்போது கதையில் அவர்கள் காட்டோரப் பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். கரடிமாந்தன் ஒருவன் மனித உருவில் மரத்துக்குப் பின்னால் நின்று அவர்களோடு பேச வேண்டும். அவனுக்கென்று ஒரு கனத்த, உறுமல் குரல் தயார் செய்து வைத்திருந்தேன். பாத்ரூமில் இரண்டு நாள் பழகியிருந்தேன்.

வாயைத் திறந்தபோது வந்தது அந்தக் குரல் இல்லை. போனில் கேட்ட அந்தக் குரல்.

தானாக வந்துவிட்டது என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் வாக்கியம் வேண்டுமானால் தானாக வந்திருக்கலாம். ஆனால் எதிர்வீட்டம்மா களுக்கென்று சிரித்தார். அவர் கணவர் மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். என் கணவருக்குத் தூக்கம் போய்விட்டது. இரண்டாவது வாக்கியத்தை அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன். காற்றை அதிகமாக விட்டேன், மூக்கின் சீறலை ஒரு படி ஏற்றினேன். மூன்றாவது வாக்கியத்துக்கு, நாற்காலி முதுகில் கிடந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டு கண்ணை மட்டும் உருட்டினேன். அண்ணன் துண்டால் முகத்தை மூடியிருப்பார் என்பதும் பஸ்ஸில் தம்பி எனக்குச் சொன்னதுதான். எதிர்வீட்டம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருக்கு எதுவும் தெரியாது. அண்ணன் ஒருவர் இருப்பதே மற்ற மூவருக்கும் தெரியாது. அந்த மேசையில் விஷயம் தெரிந்த இரண்டே பேர் நானும் தம்பியும்தான்.

தம்பியின் கை மேசைமேல் நீண்டது. ஒரு விரலால் யானையைச் சாய்த்தான். சத்தமே இல்லை. மற்றவர்கள் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்தாமல், பகடையை எடுக்கிற சாக்கில் கையை நீட்டி யானையை நிமிர்த்தி வைத்தேன், ஏதோ மேசை ஆடி அது விழுந்துவிட்டதைப் போல. இன்னும் இரண்டு நிமிடம் போதும் எனக்கு, அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

தம்பி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் வழி கேட்க நினைத்து வேண்டாம் என்று விட்டவனைப் போலப் பார்த்தான். பிறகு பகடைப் பைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த தன் போனை எடுத்துக் காதில் வைத்து, "அண்ணா, நான் அப்பறம் கூப்புடறன்" என்றான். அணைத்தான். எழுந்து பால்கனிக்குப் போனான்.

போன் முழு நேரமும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பின்னால்தான் விவரம் தெரிந்தது. கரடிமாந்தன் முதன்முதலாகப் பேசுவதை அப்போதே போனில் கேட்க வேண்டும் என்று அண்ணனே ஆசைப்பட்டிருக்கிறார். தான் கேட்பது தெரிந்தால் எல்லாரும் பார்த்துப் பேசுவார்கள், சொல்லாதே என்றும் தம்பியிடம் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவன் 'அண்ணா' என்றது அப்போதே என் காதில் விழுந்தது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று மற்றவர்கள் கேட்பார்கள், நான் சொல்ல வேண்டி வரும். அந்த பயத்தில் இன்னும் வேகமாக ஆட்டினேன். எதிர்வீட்டுக்காரர் ஈட்டியை எறிவதாகச் சொன்னார். பகடையில் பத்தொன்பது விழுந்தது. கரடிமாந்தன் பாறைமேலேயே சரிந்தான். சரிந்தவனை அப்படியே விடாமல், துண்டை மடித்து வைத்துவிட்டு, என் கம்பீரமான குரலில் ஒரு வசனம் வேறு சேர்த்தேன்: "அந்தக் காட்டில் அவனே கடைசி." கதைக்கு அது தேவையே இல்லை. காதுக்கு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

"சக்கத்தாகித்து!" என்று எதிர்வீட்டம்மா கைதட்டினார். பிரமாதமாக இருந்ததாம்.

தம்பி பால்கனியிலிருந்து வந்தான். "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டான்.

"கரடியப் போட்டாச்சுப்பா. நல்ல சீனு, நீதான் மிஸ் பண்ணிட்ட" என்றார் என் கணவர்.

தம்பி பகடைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டுச் சுருக்குக் கயிற்றை இழுத்தான். காபி வேண்டாம் என்றான். "வரனுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான். திங்கட்கிழமை பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பள்ளி வராந்தாவில் எதிரில் வந்தபோது, "குட் மார்னிங் மேடம்" என்றான்.

அந்த மேடம் இன்றுவரை மாறவில்லை.

பல் கட்டுவதற்காக அண்ணன் மைசூருக்கு வரவில்லை என்பதை அடுத்த மாதக் கடைசியில் நானாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர். "நீ என்ன, வேணும்னா பண்ணே?" என்று ஆறுதல் சொன்னார். வேண்டுமென்றேதான் செய்தேன் என்றேன். அவர் ரிமோட்டை எடுத்து நியூஸ் போட்டார்.

கடைசியில் லேப் வாசலில் நின்று தம்பியிடம் கேட்டேன், அண்ணனைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், போகலாமா என்று. அவன் கீபோர்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வரவேண்டாம்னு அவன் சொல்லலீங்க மேடம்" என்றான். வழி சொன்னான். தான் கூட வருவதாகச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினேன். கொள்ளேகாலில் பஸ் மாறி, ராமாபுரத்தில் இறங்கி, ஆட்டோ. வழி முழுக்க மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை என்று அடுக்கினேன். ஓர் இடத்தில் குரலைக் கொஞ்சம் தழைத்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. உடனே என்மேலேயே எரிச்சல் வந்தது.

மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே சாளை. வேலியோரம் அந்தப் பாறை இருந்தது. அதன்மேல் இரண்டு மோட்டார்கள், ஒன்றின்மேல் சாக்கு மூடியிருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. கூப்பிட்டேன். உள்ளேயிருந்து, "வாங்க டீச்சருங்களா? அந்தக் கட்டில்ல உக்காருங்க. சொம்புல தண்ணி இருக்குதுங்க" என்று குரல் வந்தது. அதே குரல். வெளியே கயிற்றுக் கட்டில் போட்டு, சொம்பைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, மேலே தட்டு மூடி வைத்திருந்தார். அவர் வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு முட்டியும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். தடங்கலில்லாமல் வந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"செரிங்க" என்றார். சற்றுப் பொறுத்து, "கொரலு அச்சா எம்பட கொரலாட்டமே இருந்துதுங்க. நல்லாத்தான் பண்ணீங்க" என்றார்.

குத்தலே இல்லை அதில். வாராவாரம் கதை கேட்ட ஒருவர் நியாயமாகச் சொல்லும் அபிப்பிராயம். எனக்குக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"நீங்க எங்க மேசைக்கு வரணுங்க. உங்களுக்குன்னு சேர் போட்டே வச்சிருக்கேன்" என்றேன். இது மனப்பாடத்தில் இல்லாதது. உண்மையாகவே சொன்னேன்.

கை கதவின் ஓரத்தைப் பிடித்தது. "நான் வந்தா அந்தக் கரடிமாந்தனா ஆடலாம்னு இருந்தனுங்க" என்றார். "தம்பி போன வெச்சுட்டான். அதுக்கு மேல நான் கேக்கலீங்க. அப்பறம் அவுருக்கு என்னாச்சுங்க?"

"தப்பிச்சுட்டாருங்க" என்றேன். மூச்சுவிடும் நேரம்கூட யோசிக்கவில்லை. "ஈட்டி பக்கத்துல போயிடுச்சு. காட்டுக்குள்ள போயிட்டாரு. உங்களுக்காகத்தான் வச்சிருக்கேன், நீங்க வந்து ஆடுங்க." குரலில் உற்சாகம்கூட வந்துவிட்டது.

வேலிக்கு அப்பால் யாரோ ஆடு ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் சொம்புத் தண்ணீரைக் குடித்தேன்.

"கொன்னுட்டாங்கன்னு தம்பி சொன்னானுங்களே" என்றார் அவர். "அவுருதான் கடைசியாமா."

நான் வாயைத் திறந்தேன். பத்துப் பதினைந்து குரல்களில் ஒன்றும் வரவில்லை.

"பன்னண்டு மணிக்குக் கொள்ளேகால் பஸ்ஸுங்க டீச்சர்" என்றார். "அத உட்டா அப்பறம் மூணு மணிக்குத்தானுங்க. வெயில்ல நிக்கோணும்."

கை உள்ளே போயிற்று. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. நான் சொம்பின்மேல் தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.